வயிறு தேறியது, கெண்டைக்கால் தேறவில்லை

இரவு இரண்டே கால் மணி இருக்கும். அரைத்தூக்கத்தில் காலை நீட்டிச் சோம்பல் முறித்தேன். அவ்வளவுதான், வலது கெண்டைக்கால் சதை சுருட்டிக்கொண்டு மேலே ஏறியது. கை வைத்துப் பார்த்தால் தோலுக்கு அடியில் கூழாங்கல்லை வைத்துத் தைத்தது போல ஒரு முண்டு. பாதம் தானாகக் கீழ்நோக்கி வளைந்து நின்றது. கத்தக்கூட மூச்சு வரவில்லை. ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோதான் நீடித்திருக்கும். அது விட்ட பிறகும் மறுபடி பிடித்துவிடுமோ என்று பயந்து, விடியும்வரை முழங்காலை மடக்கியபடியே படுத்திருந்தேன்.

வாந்தியும் பேதியும் நின்று அதற்குள் முழுதாக ஒரு நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் ஆட்டிப் படைத்த வயிறு அடங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. பசிகூட லேசாக எட்டிப் பார்த்தது. வீட்டில் எல்லோரும் "அதான் சரியாயிடுச்சே" என்று நிம்மதியாகிவிட்டார்கள். எனக்கோ உடம்பை அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. இருமினால் விலாவுக்குக் கீழே சுரீர் என்றது. தொடை இரண்டும் கனத்தன. பிடரியிலிருந்து தோள்பட்டை வரை ஒரே இறுக்கம். மாடிப்படியில் நாலு படி ஏறினால் கால் நடுங்கியது.

விடிந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா இருபது வருடத்துக்கு மேலாக நர்ஸ் வேலை பார்ப்பவள்.

"ராத்திரி காலு இழுத்துக்கிச்சுக்கா. உயிர் போற வலி."

"தண்ணி குடிக்கிறியா?"

"நேத்து மட்டும் மூணு லிட்டர் குடிச்சிருப்பேன்."

"வெறும் தண்ணியா?"

"ஆமாக்கா."

"மூணு நாளா வெளியில போனது வெறும் தண்ணி மட்டுமாடி? உப்பை யார் திருப்பிக் குடுப்பா?"

காலுக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று கேட்கத்தான் நான் போன் செய்தேன். அவள் காலைப் பற்றிப் பேசவே இல்லை. கடைசியில் ஒன்று சொன்னாள்: "முதல்ல உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி, அப்புறம் சாப்பாடு, அப்புறம் நடை. வரிசையை மாத்தாத." அந்த வரிசையை நான் அதுவரை தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்தேன். எழுந்ததும் வீட்டு வேலையில் இறங்கினேன், கிடைத்ததைச் சாப்பிட்டேன், உப்பை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வயிற்று உபாதை முடிந்தபின் இப்படித் தசைவலியில் கிடக்கும் பலரும் இதையேதான் செய்கிறார்கள் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

உடம்பு முழுக்க வலி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் குறைந்தது மூன்று தனித்தனி வலிகள் இருக்கின்றன. முதலாவது, வாந்தி எடுத்த உழைப்பு. ஒவ்வொரு முறை குமட்டும்போதும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானமும் வயிற்றுச் சுவர்த் தசைகளும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு இறுகுகின்றன. விலாவுக்கு இடையிலுள்ள தசைகளும் முதுகும் கழுத்தும் துணைக்கு வருகின்றன. ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு தடவை வாந்தி எடுத்தவர், பழக்கமே இல்லாத கடும் உடற்பயிற்சியைச் செய்து முடித்திருக்கிறார். பழகாத உழைப்பின் வலி உடனே உச்சத்துக்கு வராது. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் நன்றாகத் தெரியும். வாந்தி நின்ற பிறகு விலா அதிகமாக வலிக்கிறதே, உள்ளே ஏதாவது கிழிந்திருக்குமோ என்று பயந்தேனே, அதற்கு இதுதான் விளக்கம்.

இரண்டாவது, கிருமியோடு உடம்பு போட்ட சண்டையின் மிச்சம். நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்ஃபெரான், இன்டர்லூகின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. அவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்களை உண்டாக்க, வலியை உணரும் நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. சாதாரண நாளில் தெரியாத அழுத்தம்கூட அப்போது வலியாகத் தெரியும். கிருமி வெளியேறிய அந்த நொடியே இவையெல்லாம் அடங்கிவிடாது. வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோவைரஸ் மாதிரியான தொற்று 1 முதல் 3 நாளில் முடிந்துவிடும்; அசதியும் உடம்புவலியும் அதற்கு மேலும் சில நாள் ஓடும்.

மூன்றாவதுதான் என் கெண்டைக்காலைப் பிடித்தது. தசை சுருங்குவதும் தளர்வதும் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் என்ற நான்கு தாதுக்களின் நடமாட்டத்தில் நடக்கிற காரியம். பேதியில் சோடியமும் பொட்டாசியமும் நேரடியாகவே வெளியே போகின்றன. வாந்தியில் நடப்பது வேறு. வயிற்று அமிலம் வெளியேறுவதால் ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது; அதைச் சரிக்கட்டப் போய்ச் சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சிறுநீரில் கொட்டிவிடுகிறது. வாந்தியோடு போகும் பொட்டாசியத்தைவிட இப்படிப் பின்வாசல் வழியாகப் போவதுதான் அதிகம். காரத்தன்மை கூடும்போது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக உலவும் கால்சியமும் குறைகிறது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் சிலருக்கு எறும்பு ஊர்வது போல இருப்பது அதனால்தான். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டாலும் இதே போல ஆகும்.

உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மிகச் சொற்பம், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் இருக்க வேண்டும். வெளியில் இருக்கும் இந்தக் கொஞ்சம் ஆட்டம் கண்டாலே தசை சோர்ந்துவிடும், பிடித்துக்கொள்ளும், இன்னும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இந்த நிலையில் நான் மூன்று லிட்டர் வெறும் தண்ணீரைக் குடித்து, மிச்சமிருந்த உப்பையும் நீர்த்துப்போகச் செய்துகொண்டிருந்தேன்.

சரி, அக்கா சொன்ன உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு வருகிறேன். அதற்கான தூள் அடைத்து விற்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டை நாம் ஏதோ சின்ன விஷயமாக நினைக்கிறோம். அதன் கதை தெரிந்தால் அந்த எண்ணம் மாறிவிடும். குடல் சுவரில் சர்க்கரைக்கும் சோடியத்துக்கும் பொதுவாக ஒரு வாசல் இருக்கிறது. குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை எடுத்துச் சொன்னார். பேதியில் குடல் எவ்வளவு கெட்டுப் போயிருந்தாலும் இந்த வாசல் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்து போக, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பெரிய டிரம்களில் கலக்கிக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதத்தை எட்டியிருந்த சாவு, அந்த முகாமில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்கும் அந்த உவர்ப்புத் தண்ணீர் அத்தனை உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

உலக சுகாதார அமைப்பின் இப்போதைய அளவுப்படி 1 லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். கடைசியாகச் சொன்ன அந்த 1.5 கிராமைக் கவனியுங்கள். கையில் பாக்கெட் இல்லாதபோது 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று கலந்து குடிக்கலாம். இரண்டுமே தலைதட்டிய அளவாக இருக்க வேண்டும். ஆபத்துக்கு அது நல்ல துணைதான், ஆனால் அதில் பொட்டாசியம் கிடையாது. தசை பிடித்து இழுக்கிறவர்களுக்குப் பாக்கெட்தான் நல்லது.

கலக்கும்போது ஒன்றில் பிடிவாதமாக இருங்கள். உறையில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு, முழுப் பாக்கெட். சில பாக்கெட் 1 லிட்டருக்கு, சில பாக்கெட் 200 மில்லிக்கு. 'கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்' என்று தண்ணீரைக் குறைத்தால் உப்பு அளவுக்கு மிஞ்சிப் போகும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்க வேண்டாம். ஒரே மூச்சில் குடித்தால் வயிறு மறுபடி புரட்டும். நான் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு வாய் என்று நாள் முழுக்க உறிஞ்சினேன். காலையில் அதன் ருசி அமிர்தமாக இருந்தது. சாயங்காலம் அதே கரைசல் கரித்தது. வாய்க்குப் பிடிக்காமல் போவது உடம்பு நிரம்பி வருவதன் அடையாளம் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆராய்ச்சி முடிவாக இதைச் சொல்லவில்லை, என் விஷயத்தில் அது ஒத்துப் போனது. சிறுநீர் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அதே நேரத்தில்தான். இந்த நிறத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்பேன்.

பழச்சாறும் குளிர்பானமும் இந்த வேலையைச் செய்யாது. சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அந்தச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைத் திரும்பக் கூட்டிவரும். விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானங்கள் பரவாயில்லை என்றாலும், அவற்றில் சோடியம் ஓஆர்எஸ்ஸில் இருப்பதில் பாதிகூட இருப்பதில்லை. சிறுநீரகக் கோளாறு, இதயப் பலவீனம் உள்ளவர்கள் மட்டும் உப்பையும் பொட்டாசியத்தையும் தாமாகக் கூட்டிக்கொள்ளாமல் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். போன் செய்வதற்கு முன்பே, வெறும் வயிற்றில் ஒரு ஐபுபுரூஃபன் மாத்திரை போட்டிருந்தேன். அதைக் கேட்டதும்தான் அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் புரோஸ்டாகிளாண்டின்கள்தான் தாங்கிப் பிடிக்கின்றன. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் வகை மாத்திரைகள் அதையே அடைத்துவிடும். வலி குறையும், சிறுநீரகம் அடிவாங்கும். ஏற்கெனவே புண்பட்ட இரைப்பைக்கும் அது ஆகாது. தாங்க முடியாத வலி என்றால் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், சில நாளாகச் சாப்பிடாதவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கால் பிடித்துக்கொண்ட அந்த நிமிடத்தில் என்ன செய்வது? இரண்டாம் இரவு மறுபடி பிடித்தபோது எனக்கு வழி தெரிந்திருந்தது. உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டி, கால் விரல்களைக் கையால் பிடித்து முகத்தை நோக்கி இழுத்தேன். வெடுக்கென்று இழுக்காமல், நிதானமாக, விடாமல். சதை முதலில் முரண்டு பிடித்தது. பத்துப் பதினைந்து நொடியில் உள்ளே ஏதோ ஒரு முடிச்சு தானாக அவிழ்வது கையில் தெரிந்தது. தசைநாணில் இழுவிசையை உணரும் உறுப்புகள் இருக்கின்றன; நீட்டிப் பிடிக்கும்போது அவை நரம்புக்கு "போதும், விடு" என்று செய்தி அனுப்புகின்றன. எழுந்து நிற்க முடிந்தால் சுவரில் கை ஊன்றி, பிடித்த காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி முன்னால் சாயலாம். விட்டபின் ஒரு நிமிடம் நடந்துவிட்டு, துணியில் சுற்றிய வெந்நீர்ப் பையை 15, 20 நிமிடம் வைத்தால் மிச்சமிருக்கும் இறுக்கம் தளரும். பிடித்திருக்கும்போதே முரட்டுத்தனமாகப் பிசைந்தால் மறுநாள் அந்த இடம் கன்றிப்போய் வலிக்கும்.

படுக்கும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. கனமான போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகினால் பாதம் கீழ்நோக்கி அமுங்கிக் கிடக்கும். கெண்டைச் சதை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கும்போது நரம்பிலிருந்து ஒரு சின்னத் தூண்டல் வந்தாலும் போதும், பூட்டிக்கொள்ளும். போர்வையைத் தளர்த்தினேன், படுக்கும் முன் இரண்டு காலுக்கும் அரை அரை நிமிடம் சுவர்ப் பயிற்சி செய்தேன். அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் வந்தது, அதுவும் முழுசாகப் பிடிக்குமுன் விட்டுவிட்டது.

கரைசல் ஒருநாள் போன பிறகு சாப்பாடு. கல்லீரலில் சேமித்து வைத்த மாவுச்சத்து ஏறக்குறைய ஒருநாள் பட்டினியிலேயே தீர்ந்துவிடும்; அதன் பிறகு உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவழிக்கிறது. கால் நடுக்கத்தில் இதற்கும் பங்கு உண்டு. எளிதில் செரிக்கும் மாவுச்சத்தை உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட ஆரம்பித்தேன். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. உருளைக்கிழங்கிலும் நிறைய உண்டு, தோலோடு வேகவைத்தால் இன்னும் நல்லது. பிறகு முட்டை, பருப்பு என்று புரதத்துக்கு வரலாம். பால் சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் ஒத்துக்கொள்ளாது. குடல் சுவரில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி தற்காலிகமாகக் குறைந்திருக்கும். பால் குடித்து வயிறு உப்பினால் சில நாள் நிறுத்தி வையுங்கள்.

மக்னீசியம் மாத்திரையைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். மக்னீசியம் குறைந்திருந்தால் பொட்டாசியத்தையும் உடம்பால் பிடித்து வைக்க முடியாது என்பது உண்மை. ஆனாலும் பேதி நின்ற கையோடு அந்த மாத்திரையை விழுங்குவது சரியில்லை, அதுவே வயிற்றை இளக்கும். கொட்டை வகைகள், கீரை, முழுதானியம் என்று சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதுதான் என் தேர்வு. இரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தால் டாக்டர் தருவார்.

கடைசியில்தான் நடை. படுத்தே கிடந்தால் இறுக்கம் கூடும்; எழுந்ததும் பழைய வேகத்தில் இறங்கினால் வலி திரும்பும். முதல் நாள் அறைக்குள் ஐந்து நிமிடம், மறுநாள் இரண்டு வேளையும் பத்து நிமிடம். விலா வலிக்கு வயிற்றில் கை வைத்து மெதுவாக ஆழ்ந்து மூச்சு விடுவதே நல்ல பயிற்சியாக இருந்தது. எழும்போது தலை சுற்றினால் அன்றைக்கு நடையே வேண்டாம், மறுபடி கரைசலுக்குப் போக வேண்டும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். சிறுநீர் தேநீர் டிக்காஷன் போலக் கறுத்துப் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். கொழுப்புக்கு ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம், அதைத் தேய்க்கவே கூடாது. நெஞ்சு படபடப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே வராதது, மலத்தில் ரத்தம், குழப்பமான பேச்சு, இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துப் பாதத்தில் மதமதப்பு தொடங்கி, பலவீனம் மேல்நோக்கி ஏறினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கேம்பிலோபாக்டர் என்ற கிருமியால் பேதி வந்தவர்களில் சுமார் 1000 பேரில் ஒருவருக்கு கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வருகிறது. சீக்கிரம் பிடித்தால் நல்ல சிகிச்சை இருக்கிறது. அதே காலகட்டத்தில் முழங்காலோ கணுக்காலோ வீங்கினால் அது தசைவலி இல்லை, மூட்டழற்சி. அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களை நினைத்தால் எனக்கு அதிகக் கவலை. எங்கள் அத்தைக்கு முன்பொரு முறை பேதி வந்தபோது, அந்த மாத்திரையையும் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏற்கெனவே வற்றிய உடம்பிலிருந்து மாத்திரை இன்னும் நீரை இழுத்தது. கால் மட்டுமல்லாமல் கை விரல்களும் மடங்கிக்கொண்டன. டாக்டர் இரண்டு நாள் அதை நிறுத்தச் சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துவிட்டுத்தான் திரும்பத் தொடங்கச் சொன்னார். நீங்களாக நிறுத்த வேண்டாம், பேதி தொடங்கிய அன்றைக்கே போன் போட்டு, "இந்த மாத்திரையை என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் கேட்க வேண்டிய கேள்வி இது.

எனக்குக் கால் பிடிப்பு ஐந்தாம் நாளோடு நின்றது. விலா வலி போக ஒரு வாரம் பிடித்தது. சாயங்காலமானால் தொடையில் வந்து உட்காரும் அசதிதான் கடைசிவரை இழுத்தது, மூன்றாவது வாரம்வரை. அந்த நாட்களில் அக்கா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாள். "சிறுநீர் என்ன கலர்? இன்னிக்கு எத்தனை படி ஏறின?" பன்னிரண்டாம் நாள், கைப்பிடியைத் தொடாமல் இருபத்திரண்டு படியும் ஏறினேன் என்று சொன்னேன்.

"மூச்சு வாங்குச்சா?"

"கொஞ்சம்."

"அப்ப நாளைக்கும் அதே இருபத்திரண்டுதான். கூட்டாத."